நான் திரும்பக் கேட்காத விடைத்தாள்

செல்வம்,

பழங்காநத்தத்திலிருந்து கே.கே. நகருக்கு ஒரு பேருந்துப் பயணம்தான். இதற்குப் போய் அம்மா தபால் எழுதுகிறாளே என்று நினைப்பாய். நேரில் சொல்லத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்தில் நீ "சரி விடுங்கம்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். பன்னிரண்டு வருடங்களாக அப்படித்தான் விட்டு வந்திருக்கிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுவதும் படி. படித்துவிட்டு மல்லிகாவிடமும் கொடு. உன் மனைவிக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டியது இதில் ஒன்றும் இல்லை.

அவள்தான் போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னாள். "அத்தை, அந்த சாயங்காலச் சட்டக் கல்லூரிப் பாரத்தை அவுக பூராம் எழுதி வச்சிட்டாக. கையெழுத்து மட்டும் போடலை. வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கடைசி நாளு. கேட்டா, 'நுழைவுத் தேர்வுல இங்கிலீஷ் கிராமர்ல கேக்குறாய்ங்க, நமக்கு அது வராது'ங்கிறாக" என்றாள்.

"ஏன் வராதாம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு நீங்கதான் சாட்சியாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "'எங்கம்மாகிட்ட ஆறு மாசம் படிச்சே தேறாதவன், இனிமே யாருகிட்டப் போய்த் தேற?'ன்னு கேக்குறாக. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை அத்தை."

எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நானும் சொல்லவில்லை. காப்பி ஆறுகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

லாரி கம்பெனி அலுவலகத்தில் நீ செய்கிற வேலை எனக்குத் தெரியாதது அல்ல. ஓட்டுநர்களுக்கும் கிளீனர்களுக்கும் நீ தமிழில் எழுதிக் கொடுக்கிற மனுக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது. கேட்பது என்ன, ஏன் கேட்கிறோம், யார் கொடுக்க வேண்டும் என்று மூன்றும் வரிசையாக வந்துவிடும். விபத்தில் கால் போன அந்த ஆளுக்கு நஷ்டஈடு வந்தது உன் மனுவால்தான் என்று அவரே இந்த வாசலில் நின்று சொன்னார். தபால் வழியில் பட்டமும் வாங்கிவிட்டாய். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் உனக்கு நேற்று வந்ததல்ல. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிடுகிறாய். "அவன் நல்லா எழுதுவாம்மா" என்கிறாய். ஒருமுறை அவர் எழுதியதை வாசித்தேன். உன் பதினேழாவது வயதில் நீ அதைவிட நன்றாக எழுதினாய்.

அந்தப் பதினேழாவது வயதுக்கு வருகிறேன். நகரத்தில் இருந்த சில கல்லூரிகள் அப்போது பட்டப் படிப்புக்கு ஒரே மாதிரியான நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுத்தன. ஆங்கிலத்துக்கு ஒரு தாள், கணக்குக்கு ஒரு தாள். ஆங்கிலத் தாளில் பாதி இலக்கணம்: இருபத்தைந்து தவறான வாக்கியங்கள் கொடுத்திருப்பார்கள், திருத்தி எழுத வேண்டும். பிறகு புள்ளியும் இல்லாமல் பெரிய எழுத்தும் இல்லாமல் ஒரே ஓட்டமாக ஒரு பத்தி இருக்கும், அதைப் பிரித்து எழுத வேண்டும். நான் மிஷன் பள்ளியில் ஆங்கில டீச்சர். வீட்டிலேயே ஆசிரியை இருக்கும்போது வெளியே ஏன் போக வேண்டும் என்று நானே உன்னைத் தயார் செய்தேன்.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். டி. கல்லுப்பட்டிப் பக்கம் பருத்தி போட்டுக்கொண்டிருந்த என் அப்பா எட்டு வயதில் என்னைக் கொண்டுவந்து மதுரையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் எனக்கு அப்போது ஒரு சொல்லும் தெரியாது. அங்கே விதி எளிமையானது. ஒரு வாக்கியத்தில் ஒரு பிழை இருந்தால் அந்த வாக்கியம் முழுவதும் பூஜ்யம். பாதி சரி என்று ஒன்று அங்கே கிடையாது. பூஜ்யம் வாங்கிய வாக்கியத்தைப் பத்து முறை எழுத வேண்டும். நான் அழுதபடியே எழுதி நான்கு வருடத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தேன். என்னோடு சேர்ந்த இரண்டு பெண்கள் அதே விதியால் படிப்பை விட்டு ஊருக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. என்னைப் பற்றித்தான் யோசித்தேன். அதனால் அதுதான் சரியான முறை என்று முடிவு செய்துகொண்டேன்.

தினமும் காலையில் உனக்குப் பத்து வாக்கியங்கள் எழுதிக் கொடுப்பேன். தெருக் குழாயில் நம் முறை வருவதற்குள் நீ அதை முடித்துவிட வேண்டும். எதிர்வீட்டுப் பேச்சியக்கா உன்னைக் கேலி செய்வது வீட்டுக்குள் வரை கேட்கும். "ஏண்டா செல்வம், தண்ணி பிடிக்க வந்தியா, பரீட்சை எழுத வந்தியா? கொடம் வழியுது பாரு!"

"ஒரு வரிதான்க்கா பாக்கி."

"சீக்கிரம் எழுது. உங்கம்மா வந்தா கொடத்துக்கும் சேத்து மார்க்கக் கொறைக்கும்!"

வரிசையில் நின்ற எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். உள்ளே வந்ததும் நான் திருத்துவேன். பத்துக்கு ஆறு, பத்துக்கு ஐந்து என்று போடுவேன். கன்னியாஸ்திரீகளின் விதிப்படி போட்ட மதிப்பெண்கள் அவை. வேறு யார் திருத்தியிருந்தாலும் ஏழுக்குக் குறைந்திருக்காது. அதை உனக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் மெத்தனம் வந்துவிடும் என்று நினைத்தேன். ஆறு மாதம் முடிந்தபோது உனக்கு இலக்கணம் நன்றாகவே வந்திருந்தது. கூடவே, நமக்கு இது வராது என்ற எண்ணமும் வந்திருந்தது. இரண்டாவதை நான் கவனிக்கவில்லை.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாத பகுதி.

கடைசியில் நீ தேர்வு எழுதிய கல்லூரியில் தாள்களைத் திருத்த அங்கிருந்த ஆசிரியர்கள் போதவில்லை. பள்ளிகளிலிருந்தும் சிலரை அழைத்தார்கள். எனக்குக் கடிதம் வந்தது மாசி மாதத்தில். நெருங்கிய உறவினர் யாரும் இந்தத் தேர்வை எழுதவில்லை என்று கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பினேன். அன்றைக்கு அது உண்மை. நீ அப்போது வேறு கல்லூரியைத்தான் பேசிக்கொண்டிருந்தாய். பிறகு உன் கணக்கு வாத்தியார் சொல்லி, அதை விட்டுவிட்டு இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாய். அந்த வாரமே நான் கல்லூரிக்கு எழுதி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. உனக்குச் சாதகமாக ஏதாவது செய்யலாம் என்ற நினைப்பு எனக்கு ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை, அதை நீ நம்பலாம். காரணம் வேறு. நான் கல்லூரிக்குப் போய்ப் படித்தவள் அல்ல. பள்ளிப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, பட்டத்தைத் தனியாகப் படித்து எழுதி வாங்கியவள். கல்லூரிப் பேராசிரியர்கள் உட்காரும் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம், டீச்சர்களுக்கு நான்கு நாள் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

தலைமைத் தேர்வாளர் ஒரு வயதான பேராசிரியர், மென்மையாகப் பேசுகிறவர். முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார். வாக்கியத்துக்கு இரண்டு மதிப்பெண். ஒரு பிழை இருந்தால் ஒன்றைக் குறைக்கலாம், அவ்வளவுதான். "பிள்ளைகளுக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க. தெரியாததைத் தேடிப் பிடிக்கிற வேலை நமக்கு வேண்டாம்" என்றார். எல்லோரும் அந்த விதிப்படிதான் திருத்தினோம், நானும்தான். என் பக்கத்தில் இன்னொரு பள்ளியிலிருந்து வந்த ரெஜினா டீச்சர் உட்கார்ந்திருந்தார். வாய் ஓயாது.

"ஏன் டீச்சர், அது செவப்பு மையா, கோயில் குங்குமமா? தாள் பூராம் அப்பி வைக்கிறீங்க."

"தப்பு இருக்கிற இடத்துலதான வைக்கிறேன்" என்றேன்.

"வைங்க, வைங்க. உங்க தாள்கட்டு மட்டும்தான் போன இடத்துலயே தங்கிருது. என் கட்டு மதியத்துக்குள்ள ரெண்டு தரம் திரும்பி வந்திருச்சு. கூட்டலே சரியில்லையாம். எனக்குப் புருசன் வீட்டுலயே கூட்டல் வராது, இங்க எங்க வரும்?"

அது எனக்குப் பெருமையாக இருந்தது. திருத்தி முடித்த கட்டுகளைத் தலைமைத் தேர்வாளர் மேசையில் வைப்போம், அவர் சிலவற்றை எடுத்துப் பார்ப்பார், ஏதாவது விடுபட்டிருந்தால் திருப்பி அனுப்புவார். எல்லோருடைய கட்டும் ஒருமுறையாவது திரும்பி வந்தது. என்னுடையது மட்டும் வரவில்லை. அதை அந்த அறையில் எல்லோரும் கவனித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை எனக்கு வந்த கட்டில் ஒன்பதாவது தாள் உன்னுடையது. பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அப்படி அடியில் சுழித்து எழுதக் கற்றுக்கொடுத்தது என் பள்ளி. அதை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். அந்த ஊரில் அப்படி எழுதியவர்கள் நாம் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். எழுந்து போய், "ஐயா, இது என் மகன் தாள்" என்று சொல்லியிருக்கலாம். அவர் அதை வாங்கி ரெஜினா டீச்சரிடம் கொடுத்திருப்பார். கொஞ்சம் சங்கடப்பட்டிருப்பார். பெரிதாக எதுவும் ஆகியிருக்காது. நான் எழுந்திருக்கவில்லை. பெற்ற பிள்ளை என்றாலும் நான் சலுகை காட்ட மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

சலுகை காட்டவில்லை. ஆறு மாதம் பழகிய கை அது. உன் எழுத்தைக் கண்டதும் குழாயடி நோட்டைத் திருத்துகிற மாதிரியே திருத்திக்கொண்டு போனேன். ஒரு பிழை இருந்த வாக்கியங்கள் ஏழு. ஏழுக்கும் பூஜ்யம். கடைசியில் இருந்த பத்தியை நீ ஒரு புள்ளிகூடப் பிசகாமல் பிரித்திருந்தாய். அந்தக் கட்டில் அப்படி எழுதியது நீ ஒருவன்தான். அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். கூட்டினேன், இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்தேன், கட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெஜினா டீச்சர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "இங்க பாருங்க டீச்சர், ஒண்ணே ஒண்ணுதான் விட்டிருக்கான். இதுக்கு ஒண்ணு போடலாம்ல?"

"தாராளமா. அதானே விதி" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, உன் தாளில் என்ன செய்தேன் என்பது தெரிந்துவிட்டது.

கட்டு இன்னும் அந்த மேசை மேல்தான் இருந்தது. பத்தடி தூரம். "ஐயா, ஒரு தாளில் மதிப்பெண் தவறாகப் போட்டுவிட்டேன், ஒரு நிமிடம் கொடுங்கள்" என்று சொன்னால் போதும். யார் மகன் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ரெஜினா டீச்சர் மூன்று நாளில் நான்கு தடவை அப்படிப் போய் வாங்கி வந்திருந்தார், யாரும் அவரைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் என் கட்டு திரும்பி வந்ததில்லை. சாயங்காலம் மணி அடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு அலுவலக ஆள் வந்து எல்லாக் கட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இதில் எனக்குச் சாதகமான விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

முடிவு வந்த அன்று நீ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாய். ஏறி மிதிக்கவில்லை என்பதிலேயே தெரிந்துவிட்டது.

"மூணு மார்க்கும்மா. மூணே மூணுல போச்சு. கணக்குல பிரமாதமா வந்திருக்கு. இங்கிலீஷ்லதான்."

"கவனம் பத்தலை" என்றேன். "அம்புட்டுத் தடவை சொன்னேன், எழுதினதைத் திரும்பப் படின்னு."

"படிச்சேன்ம்மா. எனக்கென்னமோ நல்லா எழுதின மாதிரிதான் இருந்துச்சு." சைக்கிளைச் சுவரில் சாய்த்தாய். "தாளைத் திரும்பப் பாக்கச் சொல்லி எழுதிப் போடலாமாம். ஆபீஸ்ல சொன்னாங்க. போட்டுப் பாக்கட்டுமா?"

செல்வம், அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும். "நம்ம வீட்டுல மார்க்குக்குப் போய் யாரும் கையேந்தி நிக்கிறதில்லை" என்றேன். அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, ஒன்பது வயதிலிருந்து என் வார்த்தையைத் தட்டாதவன், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாய். அது வைராக்கியம் என்று நீ இன்றைக்கும் நம்புகிறாய். உன் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம் அதைப் பெருமையாகவும் சொன்னாய். அது வைராக்கியம் இல்லை. தாளைத் திரும்ப எடுத்தால் ஏழு இடத்தில் விதி மீறியிருப்பது தெரியும். யார் திருத்தியது என்று பார்ப்பார்கள். யார் மகன் என்று பார்ப்பார்கள். நான் பயந்தேன். மேசையில் செய்ததையாவது பழக்க தோஷம் என்று சொல்லலாம். வாசலில் சொன்னதை, தெரிந்தே சொன்னேன்.

அடுத்த வருடம் மறுபடி எழுதச் சொன்னேன். "எனக்கு இங்கிலீஷ் வராதும்மா, விடுங்க" என்றாய். அதுவரை நீ என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாய். லாரி கம்பெனியில் சேர்ந்தாய். நல்ல வேலை, நல்ல பெயர், நல்ல மனைவி. உன் வாழ்க்கை கெட்டுப்போய்விட்டது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் 'வராது' என்ற அந்த ஒரு வார்த்தையை உனக்குள் போட்டது நான். அதை எடுக்க வேண்டியதும் நான்தான். இத்தனை காலம் தாமதித்ததற்குக் காரணம், என்னைப் பற்றி நீ வைத்திருக்கிற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. அறுபத்து நான்கு வயதில் அதை விட்டுக்கொடுப்பது சுலபமாக இல்லை.

தேர்வைப் பற்றிச் சொல்கிறேன், கேள். நான் கற்றுக்கொடுத்ததில் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். வாக்கியத்தில் முதலில் வினைச்சொல்லைத் தேடு, பிறகு அதைச் செய்தது யார் என்று பார். அது ஒருமையா பன்மையா, எந்தக் காலத்தில் நடந்தது என்பது தானாக வந்துவிடும். பத்தியைப் பிரிக்கும்போது அன்றைக்கு நீயாகச் செய்ததையே இன்றைக்கும் செய். உன் தாளில் பென்சில் தடம் இருந்தது, பார்த்தேன்: முதலில் முற்றுப்புள்ளிகளை மட்டும் வைத்திருக்கிறாய், அதன் பிறகு பெரிய எழுத்துகள், யார் பேசுகிறார்கள் என்று பார்த்து மேற்கோள் குறிகள், காற்புள்ளியைக் கடைசிக்கு விட்டிருக்கிறாய். அதை நான் சொல்லித்தரவில்லை. அது என் முறையைவிட நல்ல முறை. அதற்குப் பிறகு என் வகுப்பில் ஓய்வு பெறும் வரை அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். யாரிடம் கற்றேன் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

நான் கற்றுக்கொடுத்ததில் விட்டுவிட வேண்டியது, ஒரு பிழைக்குப் பயப்படுவது. நீ ஒரு வாக்கியத்தில் சந்தேகம் வந்தால் அங்கேயே நின்றுவிடுவாய், அதைச் சரியாக்கும் வரை நகரமாட்டாய். அது குழாயடிப் பழக்கம். சந்தேகம் வந்தால் தாண்டிப் போ. மிச்சத்தை முடித்துவிட்டு வா. இப்போது பல கேள்விகளில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்களாம். நிச்சயமாகத் தவறு என்று தெரிகிற இரண்டை முதலில் அடித்துவிடு, மீதி இரண்டில் உன் காதுக்குச் சரியாகப் படுவதைப் போடு. உன் காதை நம்பலாம். நீ மனு எழுதும்போது எந்த விதியைப் பார்த்து எழுதுகிறாய்? பக்கத்து மேசைக்காரரிடம் இனி கடிதங்களைத் தள்ளாதே. நீ எழுது. தவறு வரும், வரட்டும்.

நீ கோபப்படலாம். இந்தப் பக்கம் வராமல் இருக்க விரும்பினால் இரு, மல்லிகாவைத் தூது அனுப்பிச் சமாதானம் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தில் பாரத்தை ஓரமாக எடுத்து வைத்துவிடாதே. அது எனக்குத் தண்டனையாகாது, உனக்குத்தான் ஆகும். இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் வந்துவிடும். கடைசி நாளான வெள்ளிக்கு முன்னால் ஒரு நாள் முழுவதும் இருக்கிறது.

உனக்கு அந்த ஆங்கிலத் தாளில் வந்தது ஐம்பத்தெட்டு. உன்னுடைய சரியான மதிப்பெண் அறுபத்தைந்து. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே உனக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும். இந்த முறை உன் தாளைத் திருத்தப் போகிறவர் உன்னை அறியாத யாரோ ஒருவர். தைரியமாக எழுது.

உன் அம்மா